அரை மாத்திரைக் கணக்கு

தூக்க மாத்திரைக்குப் பழகிப்போனவர்களில் பெரும்பாலோர் அதை முதன்முதலில் மருத்துவர் எழுதிய சீட்டைக் காட்டித்தான் வாங்கியிருப்பார்கள். வீட்டில் ஒரு சாவு, அறுவை சிகிச்சை, கடன் தொல்லை, மாதவிடாய் நிற்கும் காலத்துப் படபடப்பு என்று ஏதோ ஒரு காரணம். பத்து நாளைக்கு மாத்திரை. பத்து நாள் முடிந்த இரவு தூக்கம் வருவதில்லை. பழைய சீட்டே இன்னோர் அட்டைக்கும் உதவுகிறது. ஐந்தாறு ஆண்டு கழித்து அதே ஆளைக் கேட்டால், "பழக்கமெல்லாம் கிடையாது, ராத்திரி அரை மாத்திரைதான் போடுறேன்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அளவு கூடவில்லை, போதைக்காக விழுங்கவில்லை, வேலைக்குத் தவறாமல் போய்வருகிறார். அந்த அரை மாத்திரையை மட்டும் அவரால் விட முடியவில்லை.

இந்த நிலைக்குப் பேச்சு வழக்கில் சரியான சொல் இல்லாததே பாதிச் சிக்கல். 'அடிமை' என்றால் குடிகாரரும் கஞ்சாப் புகைப்பவரும் நினைவுக்கு வருகிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் தன்னை அந்த வரிசையில் வைத்துப் பார்க்க மாட்டார். மருத்துவம் இரண்டைப் பிரித்துப் பார்க்கிறது. ஒன்று உடற்சார்பு. மருந்து தினமும் வரும் என்று கணக்கில் எடுத்துக்கொண்டு மூளை தன்னை மாற்றிக்கொண்டுவிட்டது. மருந்து நின்றால் உடல் தடுமாறும். மற்றது அடிமைத்தனம்: கேடு தெரிந்தும் மருந்தைத் தேடி அலைவது, அளவை ஏற்றிக்கொண்டே போவது, ஒருவருக்குத் தெரியாமல் இன்னொரு மருத்துவரிடம் சீட்டு வாங்குவது. உடற்சார்பு வருவதற்கு எந்தக் குணக்கேடும் வேண்டியதில்லை. ஒரு வேளை தவறாமல் மாத்திரை போட்டாலே போதும். சொன்ன பேச்சைக் கேட்கும் நோயாளிக்குத்தான் அது எளிதாக வரும் என்றுகூடச் சொல்லலாம்.

தூக்கத்துக்கு மாத்திரை என்ற எண்ணம் பரவலானது 20ஆம் நூற்றாண்டில். 1903இல் எமில் ஃபிஷர், யோசஃப் ஃபான் மெரிங் என்ற இரு ஜெர்மானியர்கள் பார்பிட்டால் என்ற மருந்தின் உறக்கமூட்டும் தன்மையை வெளியிட்டார்கள். 'வெரோனால்' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. அதைத் தொடர்ந்து பார்பிச்சுரேட்டுகள் என்ற பெரிய குடும்பமே வந்தது. தூங்கவைக்கும் அளவுக்கும் மூச்சை நிறுத்தும் அளவுக்கும் இடையே அவற்றில் இடைவெளி குறைவு. போட்டோமா இல்லையா என்று அரைத்தூக்கத்தில் குழம்பி இரண்டாம் முறை விழுங்கியவர்கள் எழுந்திருக்கவில்லை. 1962 ஆகஸ்டில் நடிகை மர்லின் மன்றோ இறந்தபோது பிரேதப் பரிசோதனையில் கண்டறியப்பட்டது பார்பிச்சுரேட் நஞ்சே.

அதற்குள் மாற்று வந்துவிட்டது. அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த வேதியியலாளர் லியோ ஸ்டெர்ன்பாக், இளமையில் போலந்தில் சாயப் பொருள்களுக்காகச் செய்து பார்த்த சேர்மங்களை 1950களின் நடுவில் மறுபடி கையில் எடுத்தார். பலவும் பயன்படவில்லை. 1957இல் மேசையைச் சுத்தம் செய்யும்போது, சோதிக்காமல் விட்டுப்போன ஒரு பொடி அகப்பட்டது. விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் அவை மயங்கி விழாமல் சாந்தமாயின. 1960இல் அது 'லிப்ரியம்' ஆனது. 1963இல் அதன் உறவான டயசெபாம் 'வேலியம்' என்று வந்தது. 1965இல் தூக்கத்துக்கென்றே நைட்ரசெபாம். பென்சோடயசெபைன்கள் என்று அழைக்கப்படும் இவை தனியாக எடுத்தால், அளவு மீறினாலும் உயிரைப் பறிப்பது அரிது. மருத்துவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டதில் வியப்பில்லை. 1969 முதல் 1982 வரை அமெரிக்காவில் வேறெந்த மருந்தையும்விட அதிகம் விற்றது வேலியம்.

எச்சரிக்கை அப்போதே இருந்தது. 1961இல், லிப்ரியம் கடைக்கு வந்து ஓராண்டு ஆகியிருந்தபோது, லியோ ஹாலிஸ்டர் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு சோதனையை வெளியிட்டார். பல மாதங்கள் மிக உயர்ந்த அளவில் லிப்ரியம் எடுத்துவந்த 11 பேருக்கு, சொல்லாமல், வெற்று மாத்திரையாக மாற்றிக் கொடுத்துப் பார்த்தார். 10 பேருக்குப் புதிய தொல்லைகள் வந்தன. இருவருக்கு வலிப்பே வந்தது. உயர்ந்த அளவில்தானே என்று மருத்துவ உலகம் அதைக் கடந்து போனது. வழக்கமான அளவில் எடுப்பவர்களுக்கும் இதே கதி உண்டென்று லண்டனில் மால்கம் லேடர் போன்றோர் காட்டியது 1980களின் தொடக்கத்தில். 1988இல்தான் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, இம்மாத்திரைகளை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு மேல் எழுதக் கூடாது என்றது. இருபதாண்டுக்கும் மேலான இந்தத் தாமதத்தில் எத்தனையோ பேர் 'நரம்புத் தளர்ச்சி' முத்திரையோடு மாத்திரையைத் தொடர்ந்தார்கள்.

மாத்திரை மூளையில் செய்யும் வேலை என்ன? மூளையின் நரம்பணுக்களிடையே ஓடும் செய்திகளில் சில தூண்டுபவை, சில அடக்குபவை. தூண்டும் வேலையைப் பெரிதும் பார்ப்பது குளுட்டமேட்; அடக்கும் வேலையைப் பார்ப்பது காபா. நரம்பணுவின் மேற்பரப்பில் காபாவுக்கான ஏற்பிகள் இருக்கின்றன. ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாக நிற்க, நடுவில் ஒரு துளை. இதை ஒரு மதகு என்று வைத்துக்கொள்ளலாம். காபா வந்து ஒட்டியதும் மதகு திறக்கிறது, குளோரைடு அயனிகள் உள்ளே பாய்கின்றன, நரம்பணு அடங்குகிறது. பென்சோடயசெபைன் ஒட்டுவது காபா ஒட்டும் இடத்தில் இல்லை; சற்றுத் தள்ளி வேறோர் இடுக்கில். அங்கே உட்கார்ந்துகொண்டு, காபா வரும்போதெல்லாம் மதகு அடிக்கடி திறக்கும்படி செய்கிறது. காபா இல்லாமல் அதனால் தானாக மதகைத் திறக்க முடியாது. பார்பிச்சுரேட்டோ மதகைத் திறந்தபடி நெடுநேரம் பிடித்துக்கொள்ளும். அளவு ஏறினால் காபா இல்லாமலே திறந்துவிடும். ஒன்று கொல்வதும் மற்றது பெரும்பாலும் கொல்லாததும் இதனால்தான். ஆனால் மதுவோ அபினி வகை வலிமருந்தோ சேர்ந்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும்; மூச்சு அடங்கிப்போகும் இறப்புகள் பலவும் இப்படிக் கலந்து எடுத்ததால் வந்தவை.

இரவுதோறும் மதகு கூடுதலாகத் திறந்துகொண்டிருந்தால் மூளை சும்மா இருப்பதில்லை. சில வாரங்களில் ஏற்பிகள் மாத்திரையின் சொல்லுக்கு முன்போல் செவிசாய்ப்பதில்லை. எதிர்ப்பக்கத்தில் குளுட்டமேட்டின் கை ஓங்குகிறது. தூங்கவைக்கும் விளைவுதான் முதலில் மங்குகிறது. தொடக்கத்தில் ஏழு மணி நேரம் தூங்கவைத்த அரை மாத்திரை, மூன்று மாதம் கழித்து, மாத்திரையே போடாத காலத்துச் சுமாரான தூக்கத்தைத் தந்தாலே பெரிது. இப்போது அதை நிறுத்தினால் என்ன ஆகும்? காபா பக்கம் தளர்ந்திருக்கிறது, குளுட்டமேட் பக்கம் முறுக்கேறியிருக்கிறது, நடுவிலிருந்த தாங்குகட்டை உருவப்பட்டுவிட்டது. கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, காதில் இரைச்சல், டியூப்லைட் வெளிச்சமும் பாத்திரம் உருளும் சத்தமும் தாங்காத கூச்சம், கண்ணை மூடினால் விதவிதமான கெட்ட கனவுகள். மாத்திரை இத்தனை நாளும் கனவு வரும் உறக்கக் கட்டத்தைக் குறைத்துவைத்திருந்தது. அந்தக் கட்டம் இப்போது பாக்கியை வசூலிக்கிறது. நெடுநாள் எடுத்தவர், அதிலும் உயர்ந்த அளவில் எடுத்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பும் வரலாம்.

இவற்றில் ஆளை மாத்திரையோடு கட்டிப்போடுவது தூக்கமின்மை. மருந்தை நிறுத்தியதும் வரும் இந்தத் தூக்கமின்மை, மாத்திரை தொடங்குமுன் இருந்ததைவிட மோசமாக இருப்பது வழக்கம். பின்னெழும் தூக்கமின்மை என்று இதைச் சொல்லலாம். அதற்கு ஆயுள் பெரும்பாலும் சில நாள், சில வாரம். அந்த இரவில் விழித்துக் கிடப்பவருக்கு இது தெரியாது. மணி பன்னிரண்டு, ஒன்றரை, இரண்டே முக்கால். தனக்குப் பழைய வியாதி திரும்பிவிட்டது, மாத்திரை இல்லாமல் தன்னால் தூங்கவே முடியாது என்று அவர் முடிவுக்கு வருகிறார். எழுந்து அரை மாத்திரை போடுகிறார். அரை மணியில் கண் சொக்குகிறது. இதைவிடப் பெரிய சான்று அவருக்கு வேண்டுமா? மாத்திரை உண்டாக்கிய தொல்லையை மாத்திரையே தீர்த்துவைத்தது என்பதை யாராவது விளக்கினாலொழிய அவருக்குத் தோன்றாது. விளக்கவேண்டிய மருத்துவரும் பல நேரம் அதைப் பழைய நோய் என்றே படித்துச் சீட்டை நீட்டித்துவிடுகிறார்.

எந்த இரவு இப்படி ஆகும் என்பது மருந்தின் அரை ஆயுளைப் பொறுத்தது. இரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம் அது. பின்னாளில் வந்த தூக்க மாத்திரையான சோல்பிடத்துக்குச் சுமார் இரண்டரை மணி. அதை விட்டவருக்கு முதல் இரவே தெரிந்துவிடும். பென்சோடயசெபைன் வகையான அல்பிரசோலத்துக்குப் பதினோரு மணி அளவு. மறுநாளே படபடப்பு தொடங்கலாம். டயசெபாமோ நாள்கணக்கில் உடலில் தங்கும். நிறுத்திய ஒரு வாரம் எல்லாம் நன்றாக இருந்து, பிறகு கை நடுங்கும்போது, எப்போதோ விட்ட மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டென்று யாரும் நினைப்பதில்லை. வயது ஏற ஏற இந்தக் கணக்கும் மாறும். டயசெபாமின் அரை ஆயுள் 20 வயதில் 20 மணி நேரம் என்றால் 80 வயதில் 90 மணி நேரம் வரை நீளும். நேற்றைய மாத்திரை தீருமுன் இன்றைய மாத்திரை, அதன் மேல் நாளைய மாத்திரை. பெரியவர் பகலில் தள்ளாடுகிறார், பெயர்கள் மறந்துபோகின்றன, இரவு கழிப்பறைக்குப் போகையில் விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது. வீட்டார் வயதாகிவிட்டது என்கிறார்கள்.

இவ்வளவு விலை கொடுத்து வாங்கும் தூக்கம் எவ்வளவு? 60 வயதைத் தாண்டியவர்களிடம் நடத்திய 24 ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் வந்த ஒரு கட்டுரை, தூக்க மாத்திரைகள் வெற்று மாத்திரையைவிடக் கூடுதலாகத் தந்த தூக்கம் இரவுக்குச் சராசரியாக 25 நிமிடம் என்று கணக்கிட்டது. அதே கணக்கில், 13 பேர் மாத்திரை எடுத்தால் ஒருவருக்குத் தெளிவான பலன். 6 பேர் எடுத்தால் ஒருவருக்குப் பக்கவிளைவு. எடுத்தவர்களைக் கேட்டால் பலன் இதைவிடப் பெரிதாகத் தெரியும். ஒரு காரணம், இம்மாத்திரைகள் புதிய நினைவுகள் பதிவதைத் தடுப்பவை. இடையிடையே விழித்தது காலையில் நினைவில் இருப்பதில்லை. ஆழ்ந்த உறக்கக் கட்டம் குறைந்துபோனதும் தெரிவதில்லை.

பென்சோடயசெபைன்களின் பெயர் கெட்ட சமயத்தில் வந்தது சோல்பிடம். 1988இல் பிரான்சில் விற்பனைக்கு வந்தது, 1992இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வேதி அமைப்பு வேறு, பழக்கம் பிடிக்காது என்ற நம்பிக்கையோடு மருத்துவர்கள் எழுதினார்கள். அமைப்பு வேறுதான், ஆனால் அது போய் உட்காருவது அதே இடுக்கில். உயர்ந்த அளவுக்கு ஏறிப்போய், நிறுத்தும்போது வலிப்பு கண்டவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெண்களுக்கான அளவை 10 மி.கி.யிலிருந்து 5 மி.கி.யாகப் பாதியாக்கியது, பெண்களின் உடலிலிருந்து அது மெதுவாக வெளியேறுவதால் காலையில் வண்டி ஓட்டும்போதும் மருந்து மிச்சமிருந்தது. 2019இல் இன்னும் கடுமையான எச்சரிக்கை வந்தது. மாத்திரை போட்டுப் படுத்தவர்கள், தூக்கத்திலேயே எழுந்து சமைத்ததும் கார் ஓட்டிப்போனதும் உயிரிழந்ததும்கூட அதற்குக் காரணம்.

சார்பைத் தாண்டி உண்மையான அடிமைத்தனத்துக்கு ஒரு சிறுபகுதியினரே போகிறார்கள். மது, அபினி வகைப் பழக்கம் ஏற்கெனவே உள்ளவர்களிடம் அது அதிகம். ஜெனீவாவில் கிறிஸ்டியான் லூஷரின் குழு 2010இல் அதன் வழியைக் காட்டியது. மூளையின் நடுப்பகுதியில் டோபமைன் சுரக்கும் அணுக்களைக் காபா அணுக்கள் காவல் காக்கின்றன. பென்சோடயசெபைன் அந்தக் காவலர்களைத் தூங்கவைத்துவிடுகிறது. டோபமைன் தடையின்றி எழுகிறது. அபினியும் கஞ்சாவும் போய்ச் சேரும் அதே வாசல்.

இந்தியாவில் அல்பிரசோலம், டயசெபாம், நைட்ரசெபாம், சோல்பிடம் ஆகியவை 2014 மார்ச் முதல் எச்1 அட்டவணையில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருக்க வேண்டும். சட்டம் மருந்துக்கடைக் கல்லாவைக் கண்காணிக்கிறது. 'தொடரவும்' என்ற ஒரே சொல்லோடு ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்கப்படும் சீட்டை அது கண்டுகொள்வதில்லை. போதாக்குறைக்கு, மனச்சோர்வு மருந்தோடு குளோனசெபாமைச் சேர்த்து ஒரே மாத்திரையாக்கிய கலவைகள் இங்கே தாராளமாகப் புழங்குகின்றன. தாங்கள் தூக்க மாத்திரை வகை ஒன்றை எடுப்பதே அவற்றை விழுங்குபவர்களில் பலருக்குத் தெரியாது. அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படிப்பது ஒன்றே வழி.

விடுவது எப்படி என்ற கேள்விக்கு நெடுநாள் உழைத்தவர் ஹெதர் ஆஷ்டன். இங்கிலாந்தின் நியூகாசிலில் 1982 முதல் 1994 வரை இம்மாத்திரைகளை விட வருவோருக்கென்றே ஒரு சிகிச்சையகம் நடத்தினார். அங்கே கற்றதை 1999இல் ஒரு கையேடாக வெளியிட்டார். அடிப்படை எளிது: மூளை மாறிக்கொள்ள வாரங்கள் எடுத்தது போல, திரும்பி வரவும் வாரங்கள் கொடுக்க வேண்டும். குறுகிய ஆயுள் மருந்தை, ஒத்த அளவு டயசெபாமாக மாற்றிக்கொண்டு, அதைப் படிப்படியாகக் குறைப்பது அவர் முறை. 10 மி.கி. டயசெபாமில் இருப்பவர் வாரம் ஒருமுறையோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ 1 மி.கி. குறைக்கலாம். அமெரிக்காவில் 2025இல் வந்த கூட்டு வழிகாட்டி இன்னும் பொறுமையானது: இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு 5 முதல் 10 விழுக்காடு, எந்த இரு வாரத்திலும் 25 விழுக்காட்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

விழுக்காடு என்ற சொல்லில்தான் வீட்டுக் கணக்கு தவறிப்போகிறது. 0.25 மி.கி. அல்பிரசோலம் மாத்திரை ஒரு பொட்டுக்கடலை அளவு. அதைச் செய்தித்தாளில் வைத்துப் பிளேடால் நடுக்கோட்டில் அழுத்தினால், ஒரு துண்டு பெரிது, ஒரு துண்டு சிறிது, கொஞ்சம் பொடி காகிதத்தில். ஒன்றிலிருந்து அரைக்கு இறங்கியவர் ஒரே இரவில் 50 விழுக்காடு குறைத்துவிட்டார்; அரையிலிருந்து சுழியத்துக்கு இறங்குவது நூறு விழுக்காடு. கடைசி அரை மாத்திரைதான் விடவே முடியவில்லை என்று பலரும் சொல்வது இதனால். மன உறுதிக் குறைவு காரணமில்லை. படி அத்தனை உயரம். ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது இன்னொரு தவறு. குறுகிய ஆயுள் மருந்தில் அது ஒவ்வொரு மறு இரவும் மூளையைப் பட்டினி போடுவதற்குச் சமம். மெல்லக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரைகளை உடைக்கவே கூடாது. இரவு முழுதுக்குமான மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். 2 மி.கி., 5 மி.கி. என்று சிறு அளவுகளில் கிடைப்பதாலும் தானாகவே மெல்ல வடிவதாலும்தான் ஆஷ்டன் டயசெபாமைத் தேர்ந்தார். இந்த மாற்றத்தை வலிப்பு, கல்லீரல், வயது எல்லாம் பார்த்து மருத்துவரே செய்ய வேண்டும்.

குறைக்கும் காலத்தில் தூக்கத்துக்கு வேறு ஊன்றுகோல் வேண்டும். அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல், நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக மாத்திரையை வைக்காமல், தூக்கத்துக்கான நடத்தைப் பயிற்சியை வைத்தது. அதன் விதிகள் கேட்பதற்குச் சாதாரணமானவை. தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது மட்டுமே படுப்பது. இருபது நிமிடம் போல் புரண்டும் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் உட்காருவது. எப்படித் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுவது. ஐந்து மணி நேரம்தான் தூக்கம் வருகிறதென்றால் எட்டு மணி நேரம் படுக்கையில் கிடக்காமல், கிடக்கும் நேரத்தையே சுருக்கிப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுவது. முதல் இரண்டு வாரம் பகலெல்லாம் கண் எரியும். கனடாவில் சார்ல்ஸ் மோரின் 2004இல் வெளியிட்ட ஆய்வில் மாத்திரையைப் படிப்படியாக மட்டும் குறைத்த முதியவர்களில் 48 விழுக்காட்டினர் விட்டார்கள். குறைப்போடு இந்தப் பயிற்சியும் பெற்றவர்களில் 85 விழுக்காட்டினர்.

பயிற்சி தர ஆளில்லாத இடங்களுக்கு அதே கனடாவிலிருந்து இன்னொரு செய்தி உண்டு. மாண்ட்ரியாலில் காரா டானன்பாம் குழுவினர், நெடுநாளாக பென்சோடயசெபைன் எடுத்துவந்த முதியவர்களுக்கு ஒரு சிறு கையேட்டை மட்டும் அனுப்பினார்கள். மாத்திரை என்ன செய்கிறது, ஏன் விடலாம், எந்த வாரம் முழு மாத்திரை, எந்த வாரம் அரை, எந்த வாரம் கால் என்று படம் போட்டிருந்தது. மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டுவிட்டுத் தொடங்குங்கள் என்றும் இருந்தது. 2014இல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில், கையேடு பெற்றவர்களில் 27 விழுக்காட்டினர் மாத்திரையை முற்றாக விட்டிருந்தார்கள், இன்னும் 11 விழுக்காட்டினர் அளவைக் குறைத்திருந்தார்கள். கையேடு பெறாதவர்களில் விட்டவர்கள் 5 விழுக்காடு. ஆய்வில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 75.